சேவூர் வயலில் ஒரு பட்டிழை

என் மேசை இழுப்பறையில் நெற்கதிர் ஒன்று இருக்கிறது. அதில் மணி ஒன்றுகூட இல்லை. விதைக்காக முழுவதும் உருவப்பட்ட வெறுங்காம்பு. அதன் அடியில் அரக்குச் சிவப்பில் பட்டிழை ஒன்று முடிச்சிடப்பட்டிருக்கிறது. நகத்தால் நெருடினாலும் அம்முடிச்சு எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று அறிய இயலாது. தறியில் அறுந்த இழையை ஆரணி நெசவாளர் பிணைக்கும் முறை அது. வீட்டைத் துப்புரவு செய்ய வருபவர் இருமுறை அதனைக் குப்பையென்று எடுத்துப் போனார். இருமுறையும் வாசல்வரை சென்று மீட்டு வந்தேன்.

நான் நீரை அளந்து வாழ்ந்தவன். யுரேனியச் சுரங்கங்களை அடுத்த சிற்றூர்களின் நிலத்தடி நீரைச் சோதிப்பதில் என் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. கிணறுதோறும் நீர் முகந்து, புட்டியில் அடைத்து, ஊரும் நாளும் எழுதி ஒட்டி, அதில் கதிரியக்கம் எவ்வளவு என்று கண்டு சொல்வது என் தொழில். ஆகவே கதிரியக்கம் என்றால் எப்போதும் கண்காணிக்க வேண்டிய ஒன்று என்பதே என் மனத்தில் ஊறிய எண்ணம். அதனை ஒருவர் விரும்பி வரவழைத்து, விதைநெல்லில் பாய்ச்சி, நன்மையை எதிர்பார்த்துக் காத்திருப்பார் என்று நூல்களில் படித்திருந்தேனே தவிர, நேரில் கண்டதில்லை.

அதனைக் காட்டியவர் நெல்லாய்வு செய்த அம்மையார் ஒருவர். ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பத்தில் பிறந்து, வேளாண் ஆய்வு நிலையம் ஒன்றில் பயிர்ப் பெருக்கத் துறையில் பணியாற்றியவர். என்னினும் சில ஆண்டு மூத்தவர். எங்கள் வட்டாரத்தில் விரும்பி உண்ணப்படும் நெல் ஒன்று அக்காலத்தில் ஆளுயரம் வளர்ந்து, ஐப்பசி, கார்த்திகை மழையில் தலைசாய்ந்து, சேற்றில் கிடந்து முளைத்துவிடும். சோற்றின் சுவை குன்றாமல் அதன் தாளை மட்டும் குட்டையாக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். விதைகளைக் கதிர்வீச்சுக்கு உட்படுத்தி விதைத்தார். அவற்றின் வழித்தோன்றல்களில் சில வெளிறிய நாற்றுகளாய் நாற்றங்காலிலேயே மடிந்தன; மற்றவை ஏறக்குறைய எல்லாம் பழைய நெட்டையாகவே வளர்ந்தன. அந்தப் பல்லாயிரம் பயிர்களை ஆய்வுப் பண்ணையில் வைக்காமல் சேவூரில் உழவர் ஒருவரின் வயலில் நட்டிருந்தார். பண்ணையில் நிமிர்ந்து நிற்கும் நெல் உழவர் மண்ணில் நில்லாது போவதை அவர் முன்னரே கண்டிருந்தார்.

நீண்ட விடுப்பில் நான் சொந்த ஊரான ஆரணிக்கு வந்திருந்தபோது, ஒருநாள் காலையில் அவ்வயலுக்கு என்னை அழைத்துப் போனார். வரப்பில் குந்தி, கண்ணைக் கதிர்களின் மட்டத்துக்குத் தாழ்த்தி, எதிர்வெயிலில் வயலை நெடுக நோக்கினார். தறிக்காக நெடுக்கே விரித்த பாவில் தளர்ந்த இழையை நெசவாளர் தேடுவது அப்படித்தான். எனக்குப் பச்சை ஒன்றே தெரிந்தது. அவர் எழுந்து, புடைவையைச் சற்றே தூக்கிச் செருகிக்கொண்டு, சேற்றில் இறங்கி, வயலின் நடுவே ஓரிடத்தில் கைவிட்டு ஒரு பயிரை விலக்கிக் காட்டினார். சுற்றியிருந்தவற்றின் மார்பளவே அது இருந்தது. கதிரோ அவற்றுக்குச் சற்றும் இளைக்காத கதிர். இடுப்பு முடிச்சிலிருந்து பட்டிழைத் துண்டை எடுத்து, அக்கதிரின் காம்பில் ஒரே கையால் முடிச்சிட்டார்.

“இதாங்க சார். மத்ததெல்லாம் கூட்டம். இது ஒண்ணுதான் ஆளு.”

பல்லாயிரத்துள் ஒன்று. கண்ணுக்குப் புலனாகாத கதிர்வீச்சு விதைக்குள் ஏதோ ஓரிடத்தைத் தொட்டு மாற்ற, அம்மாற்றத்தை வெறுங்கண்ணால் ஒருவர் கண்டெடுக்கிறார். அளவைக் கருவிகளையன்றி எதனையும் நம்பாத நான் அவ்வரப்பில் நின்றபடி அந்தச் சிவப்பிழையை மீண்டும் மீண்டும் தேடினேன்.

அதே வேளையில் வயலுக்கு உரிய உழவர் வந்தார். முகம் சரியில்லை.

“ஊர்ல பேசிகினு இருக்காங்க மேடம். கரண்டு பாச்சின வெதையாம். அது வேர் வழியா கெணத்துல எறங்குதாம். நேத்துலர்ந்து என் சம்சாரம் பக்கத்து வூட்லர்ந்து தண்ணி தூக்கிகினு வர்றா. பத்து நாள் பாப்பேன். அப்பால டிராக்டர வுட்டு ஓட்டிடுவேன். கோச்சிக்காதீங்க.”

கதிர்கள் அப்போதுதான் பால் கட்டிக்கொண்டிருந்தன. பத்து நாளில் உழுதால் விதை கிடைக்காது. இழை கட்டிய அந்தப் பயிரும் அதனோடு அழியும். அம்மையார் என்னைப் பார்த்தார். கதிர்வீச்சுப் பட்ட விதை தானே கதிரியக்கம் உடையதாகிவிடாது. விளக்கொளி பட்ட சுவர் விளக்காகிவிடுவதில்லை. அதை விளக்கிய நான் அத்தோடு நில்லாமல், “தண்ணியில ஒண்ணும் இருக்காதுங்க. வேணும்னா எடுத்துகினு போய்ப் பாத்தே சொல்றேன்,” என்றேன். அளப்பதற்கு முன்பே விடை சொல்லிவிட்டேன். என் தொழிலில் அதனினும் பெரிய பிழை இல்லை.

சென்னையில் நண்பர் ஒருவரின் ஆய்வகத்தில் அந்நீரைச் சோதித்தோம். விடை சுழியன்று. யுரேனியம் சிறிதளவு இருந்தது. குடிநீருக்குரிய வரம்புக்கு மிகவும் கீழே. எங்கள் பக்கத்துப் பாறை அத்தகையது. பாறையைத் தொட்டுக் கிடக்கும் நீரில் அது கரைந்து வருவது இயற்கை. அதனை அறியாதவனல்லன் நான். சுரங்கமே இல்லாத ஊர், அதுவும் சொந்த ஊர் என்ற எண்ணத்தில் நாவு முந்திக்கொண்டது.

சேவூர் செல்லும் நகரப் பேருந்தில் அம்மையாரிடம், “வரம்புக்குள்ளதான் இருக்குது. இல்லன்னே சொல்லிடலாம், தப்பில்ல,” என்றேன்.

“வரம்புக்குள்ளன்னா, இருக்குதா இல்லியா சார்?”

“இருக்குது.”

“அப்போ இருக்குதுன்னே சொல்லுங்க. பொய் சொல்லி மாட்டிகினோம்னா நெல்ல மட்டும் ஓட்ட மாட்டாரு. நம்ம ரெண்டு பேரையும் சேத்து ஓட்டிடுவாரு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் மடியிலிருந்த அவர் கை பேருந்துச் சீட்டைச் சுருட்டிச் சுருட்டிக் கிழித்துக்கொண்டிருந்தது. எட்டு ஆண்டு உழைப்பு அந்தச் சொல்லில் தொங்குவதை என்னைவிட அவர் நன்கு அறிந்திருந்தார்.

மோட்டார்க் கொட்டகை அருகே உழவரிடம் உள்ளதைச் சொன்னேன்.

“அன்னிக்கு இல்லன்னீங்களே சார்?”

“அளக்காம சொல்லிட்டேங்க. தப்பு என்னுதுதான்.”

பின்னாலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. “அளக்கறவரே அளக்காம பேசனா, நாங்க எங்க போய் கேக்கறது?”

“எப்பலர்ந்து இருக்குது அது?” என்றார் உழவர். பாறை உண்டான நாள்முதல் என்றேன். மனிதரும் நெல்லும் தோன்றாத காலம் என்றேன். அவர் தலையைச் சொறிந்தார்.

“நீங்க சொல்றீங்க. நான் எப்பிடி நம்பறது? ஒண்ணு பண்ணுங்க. இந்த வெதை போகாத ஊரு தண்ணியயும் பாருங்க. தேவிகாபுரத்துல என் மச்சான் கெணறு இருக்குது. அதுலயும் இருந்துச்சுன்னா, வெதை மேல பழி இல்ல.”

“எங்க அண்ணன் கெணத்த ஏன் இழுக்கறீங்க?” என்றார் மனைவி.

ஒப்பீட்டுக்கு ஒரு மாதிரி வேண்டும் என்பதை நான் கல்லூரியில் படித்துத் தேர்ந்தவன். அச்சத்தின் நடுவே நின்றுகொண்டு, எவரும் கற்பியாமல், அவர் அதனைக் கேட்டுப் பெற்றார். அம்மையார் என் பக்கம் திரும்பிப் புருவத்தை உயர்த்தியது நினைவிருக்கிறது.

தேவிகாபுரத்து நீர் ஆய்வகத்தில் இருந்தபோது மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் காற்றும் மழையும். உழவர் குறித்த பத்து நாளும் அதற்குள் கடந்துவிட்டன. மூன்றாம் நாள் காலை நாங்கள் சேவூர் சேர்ந்தபோது வயல் முழுதும் பாய் விரித்தாற்போல் படுத்துக் கிடந்தது. சாய்ந்த நெட்டைப் பயிர்களின் அடியில் குட்டைப் பயிர் அழுந்தி அழுகியிருக்கும் என்றே எண்ணினேன். அம்மையார் சேற்றில் இறங்கினார்.

வயலின் நடுவே உழவர் முழங்காலிட்டிருந்தார். சாய்ந்த பயிர்களை அள்ளி ஒதுக்கி, நாற்புறமும் சவுக்குக் குச்சி நட்டு, கயிறு கட்டித் தடுத்திருந்தார். நடுவில், சிவப்பிழை நனைந்து கறுத்திருக்க, அந்த ஒரு பயிர் நேராக நின்றது.

“தண்ணி ரிசல்ட்டு இன்னும் வரலியேப்பா,” என்றார் அம்மையார்.

“வரட்டும் மேடம். அதுக்குள்ள இது செத்துப்போச்சுன்னா, நல்லதா கெட்டதான்னு யாருக்குமே தெரியாமப் பூடும். தெரிஞ்சிகினு ஓட்டலாம்னு வுட்டுட்டேன். ராத்திரி மழையில நூலத் தேடறதுதான் பேஜாராப் போச்சு.”

அடுத்த வாரம் விடை வந்தது. தேவிகாபுரத்து நீரிலும் அது இருந்தது. சேவூரைவிடச் சற்றுக் கூடுதலாக, வரம்புக்குக் கீழேயே. உழவர் மனைவியைப் பார்த்துச் சிரித்தார். “உங்கண்ணன் கெணத்துல நம்மளவிட ஜாஸ்தியாம்.”

“எங்க வூட்டுப் பக்கம் எப்பவும் எல்லாமே ஜாஸ்திதான்,” என்று சொல்லிவிட்டு, அவர் குடத்தை எடுத்துக்கொண்டு தம் கிணற்றை நோக்கி நடந்தார்.

கதிர் முற்றியதும் அம்மையார் அதனைத் தாமே அறுத்தார். மணிகளை ஒரு தாள் உறைக்குள் உருவிக்கொண்டு, காம்பை என்னிடம் நீட்டினார். “அளந்து பாத்துட்டு வெச்சிக்குங்க சார்,” என்றார். நான் அளந்தேன். எந்த நெல்லிலும் இருப்பதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை. இம்முறை அளந்த பின்னரே சொன்னேன்.

அந்த ஒரு பிடி மணி நெல்வகையாகிப் பல வயல்களுக்குப் பரவப் பின்னும் பல ஆண்டுகள் ஆயின. அம்மையார் இப்போது இல்லை. சென்ற கார்த்திகையில் பெருமழை ஓய்ந்த மறுநாள், பேருந்தில் சேவூரைக் கடந்தபோது இறங்கிக்கொண்டேன். இளைஞர்கள் இருசக்கர ஊர்தியில் விரைந்தார்கள். விசைத்தறிகளின் ஓசை சாலைவரை கேட்டது. அந்த வயலைக் கண்டுபிடித்து, மூட்டு வலியோடு வரப்பில் குந்தி, அவர் செய்ததுபோலவே கண்ணைத் தாழ்த்தி எதிர்வெயிலில் நோக்கினேன். கடைக்கோடி வரப்புவரை கதிர்கள் ஒரே உயரத்தில், சாயாமல், நீர் சொட்ட நின்றன. குறை சொல்ல ஓர் இழையும் இல்லாத பாவு. அவர் தேடிய அந்த ஒன்றை நான் எவ்வளவு முயன்றும் பிரித்தறிய முடியவில்லை. வயல் முழுவதும் அதுவாகவே இருந்தது.

வீடு திரும்பி இழுப்பறையைத் திறந்தேன். இழையின் சிவப்பு வெளுத்துவிட்டது. முடிச்சு மட்டும் அன்று இட்டபடியே இறுகியிருக்கிறது.