தஞ்சோங் மாலிம் துரை பங்களாவிலிருந்து வந்த ஹார்ப்

பழைய லிவர் ஹார்ப் வாங்கலாமா, எங்கே போவது, எதைப் பார்ப்பது என்று போன வாரம் இரண்டு பேர் எழுதிக் கேட்டிருந்தீர்கள். வாயை அடக்கத் தெரியாதவளிடம் கேட்டிருக்கிறீர்கள், அனுபவியுங்கள்! என் முதல் ஹார்ப்பை 1982-இல், சரஸ்வதி பூசையன்று, ஈப்போவிலிருந்து தஞ்சோங் மாலிம் வரை போய்க் கொண்டுவந்த கதையைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டியதெல்லாம் அதிலேயே இருக்கிறது.

நான் படித்த கான்வெண்டில், நம் பழைய யாழ் மாதிரி, ஒரு லிவர் ஹார்ப் இருந்தது. ஒவ்வொரு தந்திக்கும் தலைமாட்டில் ஒரு சின்னப் பித்தளை லிவர். தூக்கினால் சுருதி அரை ஸ்வரம் ஏறும். படிப்பு முடிந்து கிளார்க் வேலைக்குப் போன பிறகும் சனிக்கிழமைகளில் அங்கே போய் வாசிப்பேன். அந்த வருடம் ஈப்போவில் ஒரு ஹோட்டல்காரர், வாரக் கடைசியில் சாப்பாட்டு நேரத்தில் வாசிக்க என்னைக் கூப்பிட்டார். நிபந்தனை ஒன்றுதான்: ஹார்ப் என்னுடையதாக இருக்க வேண்டும். என்னிடம் இருந்தது ஆயிரம் மலேசிய வெள்ளி. தப்பான ஹார்ப்பை வாங்கினால் பணமும் போச்சு, வேலையும் போச்சு.

தஞ்சோங் மாலிம் பக்கம் ஒரு ரப்பர் தோட்டம் கைமாறி, துரை குடும்பம் ஸ்காட்லாந்துக்குத் திரும்புவதாகவும், துரைசாணியின் ஹார்ப் விலைக்கு வருவதாகவும் கான்வெண்டில் சொன்னார்கள். விசாரித்தபோது, சரஸ்வதி பூசையன்று வரும்படி துரைசாணியே சொல்லி அனுப்பினார். ஜெலாப்பாங் தொழிற்சாலையில் வேலை செய்த என் அண்ணன் மணியம், முதலாளியிடம் கெஞ்சிக் கூத்தாடி ஒரு வேனை இரவல் வாங்கி வந்தார். காலை ஏழு மணிக்கு, ஈப்போவில் எங்கள் வீடு இருந்த குனோங் ராபாட்டிலிருந்து கிளம்பினோம்.

அப்போது நெடுஞ்சாலை இல்லை. கோப்பேங், கம்பார், தாப்பா, பீடோர் என்று பழைய சாலையில்தான் போக வேண்டும். நூற்று இருபது கிலோமீட்டருக்கு மேல், இரண்டரை மணி நேரம். பீடோரில் கொய்யா வாங்க நிறுத்தினால் மூன்று. அண்ணன் நிறுத்தினார். பெட்ரோலுக்கு இருபது வெள்ளி ஆனது. வேனில் ஒரு பழைய மெத்தையும் நான்கு சாரோங் கைலியும் போட்டிருந்தோம். இதை மட்டும் நீங்களும் மறக்காதீர்கள்.

துரைசாணி வாசலுக்கே வந்துவிட்டார். இருபது வருடம் தோட்டத்து ஆட்களோடு பேசிப் பழகிய தமிழ் அவருடையது. மரியாதை விகுதியெல்லாம் அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

"வா, வா, உள்ளே வா. நீதான் வாசிக்கிற பொண்ணா? பாரு, நல்லா பாரு."

நன்றாகத்தான் பார்த்தேன். முப்பது தந்திகள். தந்திகளை மேலே தாங்கும் கழுத்து முறுக்கிக்கொண்டிருக்கிறதா என்று மேலிருந்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தேன், நேராக இருந்தது. முன்தூணும் கழுத்தும் சேரும் இடத்தில் நகத்தை ஓட்டினேன், விரிசல் இல்லை. கீழே தந்திகள் பிடித்திருக்கும் ஒலிப்பலகை கொஞ்சம் உப்பியிருந்தது. அது பரவாயில்லை, தந்தி இழுத்தால் அப்படித்தான் உப்பும். லிவர்களை ஒவ்வொன்றாகத் தூக்கித் தட்டினேன், எதுவும் இரையவில்லை. ஆனால் மாதக்கணக்கில் யாரும் தொடாததால் சுருதி கன்னாபின்னாவென்று கிடந்தது. நம் ஊர் ஈரக் காற்றில் சுருதி நிற்குமா என்பதுதான் ஒரே சந்தேகம். அரை மணி நேரத்தில் தெரிகிற விஷயமா அது?

"எடுத்துட்டுப் போ. வாசிச்சுப் பாரு. நாளைக்குச் சாயங்காலம் பணம் கொண்டா, இல்ல ஹார்ப்ப கொண்டா. கே.எல்.ல ஒரு ஆளும் கேக்குறான்" என்றார் துரைசாணி. கே.எல். என்றால் கோலாலம்பூர். விலை தொள்ளாயிரம் வெள்ளி.

"பாரமே இல்லலா! பாக்கத்தான் பயமா இருக்கு" என்றார் அண்ணன், தூக்கும்போது.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் முப்பது தந்திக்கும் சுருதி சேர்த்தேன். மறுநாள் வரை விடாமல் வாசித்துப் பார்ப்பது என்று திட்டம். அதற்கு முன் குளித்துவிடலாமே என்று போனேன். திரும்பி வந்தால் ஹார்ப் பூசை அறையில்! பலகையில் மூன்று பட்டை சந்தனம், கழுத்தில் மல்லிகைச் சரம், முப்பது லிவருக்கும் முப்பது குங்குமப் பொட்டு.

"அம்மா! இன்னும் வாங்கலம்மா! புடிக்கலன்னா திருப்பிக் குடுக்கணும்!"

அம்மா ரப்பர் தோட்டத்தில் பாலெடுக்கப் பால்மரம் வெட்டிய காலத்தில் உளிக்கும் வாளிக்கும் பொட்டு வைத்தவர். அசரவில்லை. "மரத்துல செஞ்சிருக்கு, கம்பி கட்டியிருக்கு, பாட்டு வருது. இன்னைக்கு அம்பாள் முன்னால வைக்காம வேற எங்க வைக்கிறது? நாளைக்குக் காலையில எடுத்து வாசி. அதுவரைக்கும் தொடக்கூடாது."

அண்ணன் பொங்கலைச் சாப்பிட்டுக்கொண்டே, "போச்சுலா, கலா. பொட்டு வச்சாச்சு, இனி நம்ம வீட்டுப் பொண்ணு" என்று சிரித்தார். வாசித்துப் பார்க்கவும் முடியாது, இந்தக் கோலத்தில் திருப்பித் தரவும் முடியாது. அன்று மாலை மழை வேறு கொட்டித் தீர்த்தது.

விஜயதசமி காலை அம்மா கற்பூரம் காட்டி முடித்ததும் உட்கார்ந்தேன். முதல் தந்தி சரி. இரண்டாவது சரி. இருபத்தெட்டு தந்திகள் வைத்த இடத்திலேயே நின்றன! கீழே இரண்டு தடித்த தந்திகள் மட்டும் சற்று இறங்கியிருந்தன. அவ்வளவு மழைக்கும் கற்பூரச் சூட்டுக்கும் அசையாத ஹார்ப் இனி எதற்கு அசையும்? நான் விடாமல் வாசித்துக்கொண்டே இருந்திருந்தால், இறங்க இறங்க முறுக்கி ஏற்றியிருப்பேன். எது நிற்கிறது, எது நழுவுகிறது என்று கடைசி வரை தெரிந்திருக்காது. அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். எனக்குச் சந்தோஷத்தில் அழுகையே வந்துவிட்டது. லிவர் இடுக்கில் புகுந்த குங்குமத்தைச் சின்னப் பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டி எடுத்துவிட்டு, பணத்தோடு கிளம்பினோம்.

துரைசாணி வேனை எட்டிப் பார்த்தார். "ஹார்ப் இல்ல. பொட்டு வச்சாச்சா?"

நான் திகைத்துப் போனேன். "உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வருசா வருசம் நம்ம ரப்பர் ஸ்டோர்ல மிஷினுக்கெல்லாம் பொட்டு வப்பாங்க. நான்தான் தேங்கா ஒடைப்பேன். அதான் பூசை அன்னைக்கு ஒன்ன வரச் சொன்னேன். பொட்டு வச்சா திரும்பி வராது. கே.எல். ஆளு மூலையில நிறுத்தி பூ ஜாடி பக்கத்துல வப்பான். நீ வாசிப்ப." பணத்தை எண்ணாமலே உள்ளே வைத்தார்.

அடுத்த மாதம் ஹோட்டலில் வாசிக்க ஆரம்பித்தேன்.

ஆகவே, ஹார்ப் வாங்கப் போகிறவர்களே: கழுத்தைப் பாருங்கள், விரிசலைத் தேடுங்கள், லிவரைத் தட்டுங்கள். பிறகு வீட்டுக்குக் கொண்டுவந்து ஒரு நாள் முழுக்கச் சும்மா விடுங்கள். பூசை நாளில் வாங்கினாலும் பாதகமில்லை. பொட்டு வைப்பதற்கு முன் சுருதி மட்டும் சேர்த்துவிடுங்கள்.