ஐஸ்பெட்டியில் வைத்த தோட்டா

துபாயில் நான் வேலை பார்க்கும் துப்பாக்கி சுடும் கிளப்பில், தோட்டா தயாரிக்கும் அறைக்கு நான்தான் ராஜா என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்புறம் அவன் வந்தான். நாகர்கோவில்காரன். என் வயதுதான், ஆனாலும் வாய்க்கு வாய் "அண்ணே" என்பான். அந்த மரியாதையே எனக்கு ஆகாது.

எங்கள் அர்பாபுக்கு, அதாவது முதலாளிக்கு, தோளில் ஆபரேஷன் ஆகியிருந்தது. வழக்கமான தோட்டாவின் உதையைத் தாங்க மாட்டார். ஆனால் வருஷா வருஷம் குளிர் தேசத்துக்கு மான் வேட்டைக்குப் போகாமலும் இருக்க மாட்டார். தோள் நோகக் கூடாது, குறியும் தப்பக் கூடாது, யார் தோட்டா அப்படி இருக்கிறதோ அவன் என்னோடு வரட்டும் என்று இந்தியில் சொல்லிவிட்டார்.

அன்று மாலையே சத்வா கடைத்தெருவில் ஒரு கம்பளிக் கோட்டு வாங்கினேன். கை கொஞ்சம் நீளம்.

"இந்த வெயில்ல கோட்டா?" என்று மனைவி சிரித்தாள்.

"போகப் போறது நான்தான்."

வெடிமருந்தையும் குண்டையும் மாற்றி மாற்றிச் சுட்டுப் பார்த்தேன். கடைசியில் உதை குறைந்தது; அட்டையில் ஓட்டைகள் ஒட்டி ஒட்டி விழுந்தன. அவனுடையவை கொஞ்சம் சிதறின. எனக்கு ஒரே குஷி.

அவனோ தன் தோட்டாக்களை ஐஸ்பெட்டியில் வைத்து எடுத்துச் சுட்டான்.

"என்னப்பா, மீனா அது, கெட்டுப்போகாம இருக்க?"

"அங்க குளிருமே அண்ணே."

அர்பாப் என்னவென்று கேட்க, அவன் இந்தியில் சொன்னான். இரண்டு பேருடையதையும் ஐஸில் வைக்கச் சொன்னார். பிறகு அவரே சுட்டார். தோள் நோகவில்லை என்றார், இரண்டுக்கும். ஆனால் என் குண்டுகள் எல்லாம் குறிக்குக் கீழே இறங்கிவிட்டன. அவனுடையவை நடுவிலேயே நின்றன.

"கலாஸ்", முடிந்தது, என்று அவன் முதுகில் தட்டினார்.

குளிரில் சில மருந்துகளின் வேகம் சுணங்கும் என்பது எனக்குத் தெரியாததா? தெரியும். கொதிக்கிற ஊரில் கிடந்து கிடந்து அது தோன்றவில்லை. அவனுக்குத் தோன்றியது.

கிளம்புவதற்கு முன் வீட்டுக்கே வந்துவிட்டான்.

"அண்ணே, கோட்டு ஒண்ணு வச்சிருக்கியளாமே? அண்ணி சொன்னாவ."

கொடுத்தேன். வேறென்ன செய்ய?

அடுத்த வாரம் வாட்ஸ்அப்பில் போட்டோ வந்தது. பனியில் மான், அர்பாப், பக்கத்தில் அவன். மானை நான் பார்க்கவே இல்லை. எனக்குக் கை நீளமாக இருந்த அந்தக் கோட்டு, அவனுக்கு அளவெடுத்துத் தைத்தது போல இருந்தது.