சாம்பல் தடவிய விரால்

குழுமத்தில் புதிய மடல் ஏதும் வரவில்லை என்பதைச் சொல்ல எனக்குப் பல வழிகள் பழகியிருந்தன. பாய் கடையில் கூட்டம் என்பேன். இணையம் இழுத்துக்கொண்டே இருந்தது என்பேன். மின்சாரம் போய்விட்டது என்பேன். அது பெரும்பாலும் உண்மையாகவே இருக்கும். பஜார்த் தெருவிலிருந்து நான் திரும்புவதற்குள் என் கணவர் கூடத்துக்கும் வாசலுக்குமாக எத்தனை முறை நடந்திருப்பார் என்பதை அவருடைய ஊன்றுகோலின் ரப்பர் தேய்ந்த விதத்திலிருந்தே சொல்லிவிடலாம். நான் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே கேள்வி வந்துவிடும்.

"இன்னா, எவனாவது எழுதிகீறானா?"

"இல்லைங்க. நாளைக்குப் பார்ப்போம்."

"நாளைக்கு, நாளைக்கு! எல்லாரும் செத்தா பூட்டானுங்க?"

அந்தக் குழுமத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய ஆண்டுகள் அவை. உத்திரமேரூரில் பாய் தம்முடைய ஃபேன்சி கடையின் பின்பாதியைப் பலகை வைத்துத் தடுத்து, நான்கு கணினிகளை வாங்கிப் போட்டிருந்தார். இளம்பெண்ணாக இருந்த காலத்தில் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ்த் தட்டச்சு படித்தவள் நான். நூலகத்தில் படிக்கப் புதிதாக ஒன்றும் மிஞ்சாத ஒரு கோடையில் அங்கே போய் உட்கார்ந்தேன். ஏதோ தேடப்போய் இதைக் கண்டேன். பொழுதுபோக்காகத் தூண்டில் போடுகிறவர்கள் தமிழிலேயே எழுதிக்கொள்ளும் இணையக் குழுமம். சிங்கப்பூரிலிருந்து ஒருவர் அதை நடத்தினார். வளைகுடாவிலும் மலேசியாவிலும் சென்னையிலுமாக மற்றவர்கள் இருந்தார்கள். மீன் பிடித்துப் பிழைக்கிறவர் ஒருவரும் அதில் இல்லை.

என் கணவர் அரிசி ஆலையில் வேலை செய்தவர். ஞாயிற்றுக்கிழமை என்றால் அவருக்கு ஏரிதான். மதகுப் படியில் குந்தினால் வெயில் ஏறும்வரை எழ மாட்டார். நெல் அவிக்கும் தொட்டியின் படியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த பிறகு அவரால் கரை ஏற முடியவில்லை, குந்தவும் முடியவில்லை. தூண்டில்கள் பரண்மேல் போயின. ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் படுகிற அவதியைக் காணச் சகியாமல்தான், விராலுக்குக் கோதுமை மாவு வைக்கலாமா என்று குழுமத்தில் ஒருவர் கேட்டிருந்ததை வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"விராலு இன்னா பூரியா துன்னும்?" என்று அவர் சீறினார். "சின்னத் தவளையா பாத்து மாட்டச் சொல்லு. தொடையில மாட்டணும், வாயில இல்ல. சொல்லு அவனுக்கு."

சொன்னதை எழுத்துத் தமிழில் திருத்தி அனுப்பினேன். மறுநாள் பதில்கள் வந்திருந்தன. அவற்றுள் ஒன்று குவைத்தில் வேலை செய்யும் ஒருவருடையது, பக்கத்துக் காவாந்தண்டலத்துக்காரர். 'அண்ணே, தவளை நீங்க மாட்டினது, தமிழ் யாரு மாட்டினது?' என்று கேட்டிருந்தார். அன்றிலிருந்து என் கணவர் பேசுவதை அப்படியே தட்டச்சு செய்தேன்.

அவர் தூண்டிலை விட்டுவிட்டார் என்பது குழுமத்துக்குத் தெரியாது. ஒவ்வொரு ஞாயிறும் அவர் கட்டிலில் சாய்ந்தபடி ஏரிக்குப் போனார். காற்று எந்தப் பக்கம் அடித்தது, தக்கை எப்படி அமிழ்ந்தது, தூண்டில் நரம்பு விரலை எங்கே அறுத்தது என்று சொல்லச் சொல்ல, காலண்டர் தாளின் பின்புறத்தில் நான் குறித்துக்கொள்வேன். அவர் சொல்வதில் பொய்யென்று நான் கண்டது ஒன்றுதான்: அது நடந்த நாள். மீனின் நீளத்தைப் பற்றி நான் உறுதி கூற மாட்டேன். குவைத்காரரும் நம்பவில்லை. 'அண்ணே, போன வாரம் ஒரு முழம். இந்த வாரம் ஒன்றரை. இப்படியே போனா ஏரியில தண்ணிக்கு எடம் இருக்காது' என்று எழுதுவார். தாம் துறைமுகத்தில் பிடித்த ஹமூர் மீன் ஒன்று கப்பல் கயிற்றையே அறுத்துக்கொண்டு போன கதையை அடுத்த மடலில் அவரே எழுதுவார். ஒருவர் புளுகை மற்றவர் பிடிப்பதும், பிடிபட்டவர் அதைவிடப் பெரிய புளுகோடு தப்பிப்பதும்தான் அங்கே வழக்கம். தூண்டில்காரர்களிடையே அதற்குப் பெயர் பொய் இல்லை.

பிறகு குழுமத்தில் வேறு இருவருக்குள் ஒரு கட்லா மீனின் எடை பற்றிச் சண்டை வந்தது. விளையாட்டாகத் தொடங்கி, குடும்பத்தை இழுக்கும் அளவுக்குப் போயிற்று. சிங்கப்பூர்க்காரர் நல்லவர், சண்டை பொறுக்காதவர். டிஜிட்டல் கேமரா பரவத் தொடங்கியிருந்த காலம். அவர் ஒரு விதி வகுத்தார். பிடித்த மீனின் படத்தை மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் இணைக்காதவர்கள் குழுமத்தை வாசிக்கலாம், எழுத இயலாது.

சண்டை நின்றது. அதற்குப் பின் படங்கள் வந்தன. மீனின் பெயர், எடை, இடம். கீழே 'அருமை' என்று ஒரு சொல். சில மாதங்களில் அந்த 'அருமை'யும் அரிதாயிற்று. குவைத்காரரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. என் கணவருக்கும் எழுதும் உரிமை போயிற்று. அவர் கட்டிலில் புரண்டார், எழுந்தார், வாசலுக்குப் போனார், வந்தார். வேர்க்கடலை உடைக்கும் சத்தம்கூட அவருக்குப் பொறுக்கவில்லை. வீட்டில் அவர் பேசுவதற்கு நான் இருந்தேன்; ஆனால் அவரைப் பொய்யர் என்று சொல்லிச் சிரிக்க ஆளில்லை. அது இல்லாமல் அந்த மனிதர் சிறுத்துக்கொண்டே வந்ததை நான் பார்த்தேன். ஒருநாள் சாப்பாட்டுத் தட்டை நகர்த்திவிட்டுச் சொன்னார்:

"ஒரு போட்டோ எடுத்துறலாம்மே."

"எந்த மீனை வைச்சு?"

"கடையில விராலே இல்லியா இன்னா?"

ஞாயிற்றுக்கிழமை மீன் விற்கிற அம்மாளிடம் போனேன். அவர் அண்டாவில் உயிரோடு கிடந்த விராலை எடுத்துத் தலையில் தட்டி, வழுக்காமல் பிடிப்பதற்காகச் சாம்பலைத் தடவினார். விராலைக் கையாளும் எந்தக் கடையிலும் அப்படித்தான். ஆட்டோவில் என் கணவரையும் மீனையும் ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன்.

"சார், மீன இன்னும் கொஞ்சம் தூக்கிப் புடிங்க," என்றார் படம் எடுக்கிறவர். "சிரிங்க சார். மீனுதான செத்துது."

வாலில் சாம்பல் திட்டாக ஒட்டியிருந்தது. துடைப்பதற்காக முந்தானையை எடுத்தேன்.

"தொடாத!" என்றார் என் கணவர்.

"படத்தில் தெரியுங்க."

"தெரியணும்."

அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. ஏரியிலிருந்து நேரே வந்த மீனில் சாம்பல் ஏது? தூண்டில் பிடித்த எவனுக்கும் ஒரு பார்வை போதும், அது கடை மீன் என்று சொல்லிவிடுவான். அவர் படம் எடுத்துக்கொள்ளவில்லை, இரை மாட்டிக்கொண்டிருந்தார்.

படத்தைப் பாய்தான் கணினியில் ஏற்றித் தந்தார். இரண்டு நாளில் சிங்கப்பூர்க்காரரிடமிருந்து மடல் வந்தது: 'அழகான விரால். இனி நீங்கள் தாராளமாக எழுதலாம். வாழ்த்துகள்.' அவ்வளவுதான்.

"நம்பிட்டானா?" என்றார் என் கணவர். அவர் முகம் கருத்துப்போயிற்று. "கண்ணு அவிஞ்சி பூச்சா அவனுக்கு? வாலப் பாக்கலியா?"

"பார்த்திருக்க மாட்டாருங்க."

"மத்தவனுங்க?"

மற்றவர்கள் எழுதவில்லை. அந்த ஐப்பசியில் மழை கொட்டிற்று. ஏரி நிறைந்து கோடி போயிற்று. உபரி நீர் கலங்கல் சுவரைத் தாண்டி விழுகிற ஓசை காற்று வாகாக அடித்தால் எங்கள் தெருவரை கேட்கும். முன்பெல்லாம் அந்தச் செய்திக்காகவே குழுமத்தில் அத்தனை பேரும் வந்து நிற்பார்கள். இப்போது கேட்பாரில்லை. நான் நனைந்துகொண்டு பாய் கடைக்குப் போவதும் வெறுங்கையோடு திரும்புவதுமாக இருந்தேன். பொறுமைசாலி என்று பெயர் எடுத்தவள் நான். ஆனால் அந்த நாட்களில் திரையில் பக்கம் மெல்ல மெல்ல இறங்குவதைப் பார்த்திருக்கையில் என் கால்விரல்கள் செருப்புக்குள் மடங்கி மடங்கி நிமிர்ந்தன.

ஒருநாள், விராலின் படத்துக்குக் கீழே, அவருடைய பெயரிலேயே நான் எழுதினேன்: 'உத்திரமேரூர் ஏரியில் விரால்கள் இப்போதெல்லாம் சாம்பல் பூசிக்கொண்டுதான் கரையேறுகின்றனவா? அறிய ஆவல். இப்படிக்கு, இம்மடல்களைத் தட்டச்சு செய்யும் மனைவி.'

வீட்டுக்கு வந்து சொன்னேன்.

"வூட்டுக்காரி கடிச்சா அது மீனா?"

"முள் தொண்டையில் இருக்குது. இழுக்கிறதும் விடுறதும் உங்க பாடு."

அவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். உலை கொதித்தபோது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"எழுது. எங்க ஏரி மீனு பக்தியுள்ள மீனு. விபூதி பூசிக்கினுதான் வரும். உங்க ஆத்தா வூட்டுப் பக்கம் அந்த மாதிரி மீன நீ பாத்திருக்க மாட்ட."

அதை எழுதினேன். பதிலும் எழுதினேன். மார்கழி முடியும்வரை நானும் அவரும் அந்த ஆளற்ற பக்கத்தில் ஒருவரையொருவர் ஏசிக்கொண்டோம். இரண்டு பக்கத்துக்கும் தட்டச்சு நானே. பாய்க்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "வூட்லயே சண்ட போட்டுக்கினா செலவில்லியேம்மா?" என்பார். என் கணவர் ஒவ்வொரு பதிலையும் இருமுறை படிக்கச் சொல்லிக் கேட்டார், சிரித்தார். சிரித்து முடித்த மறுகணமே, "அவன் பாக்கவே இல்லியா இன்னும்?" என்று கேட்டார். நான் என்ன எழுதினாலும் அவர் காத்திருந்தது குவைத்துக்காக.

தை பிறந்த பிறகு ஒரு காலையில் வாசலில் மோட்டார் சைக்கிள் நின்றது. நாற்பதைத் தொடும் ஒரு மனிதர் உள்ளே எட்டிப் பார்த்தார். வண்டியின் பக்கவாட்டில் இரண்டு மூங்கில் தூண்டில்கள் கட்டியிருந்தன.

"விபூதி விராலு வூடு இதானா?"

என் கணவர் கட்டிலில் எழுந்து உட்கார்ந்த வேகத்தில் ஊன்றுகோல் உருண்டது. காலால் அதைக் கட்டிலுக்கடியில் தள்ளினார்.

"குவைத்தா? வா நைனா, வா! எதுனா ஒரு வரி எழுதக் கூடாதா நீ? பேஜாரா பூட்சி எனக்கு."

"எங்க அண்ணே எழுதறது? போட்டோ கேக்கறானே அவன். பூட்டு போட்டுட்டான். உன் விரால நான் பாத்தேன். வால்ல சாம்பலு! கேம்ப்ல விழுந்து விழுந்து சிரிச்சேன். எழுதலாம்னு பாத்தா, பதில் எழுதற பொட்டியே வரல." என் பக்கம் திரும்பினார். "அப்பறம் அண்ணி புடிச்சாங்க பாரு ஒரு புடி. லீவு கெடச்சதும் மொதல்ல இந்த வூட்டுக்குத்தான்னு முடிவு பண்ணிட்டேன்."

காபி கொண்டுவந்து வைத்தேன். அவர் நின்றபடியே குடித்தார்.

"கெளம்பு அண்ணே. ஏரி ரொம்பி கீது. நீ எழுதுவியே, அந்த மதகுப் படி, அங்கதான் குந்தணும் எனக்கு."

என் கணவர் சன்னல் பக்கம் பார்த்தார். "காத்து சரியில்ல இன்னிக்கு," என்றார்.

"காத்தே இல்லியே அண்ணே."

"அதான் சரியில்லன்றேன்."

காரணத்தைச் சொல்வது என் வேலையில்லை. வந்தவர் கையில் தம்ளரோடு நின்றார். என் கணவர் போர்வையின் ஓரத்தை முறுக்கினார், விட்டார், மறுபடி முறுக்கினார்.

"கரை ஏற முடியாது என்னால," என்றார். "இடுப்பு போயி வருஷமாவுது. நீ படிச்சதெல்லாம் இங்க படுத்துக்கினு சொன்னது."

வந்தவர் முகம் வாடிற்று. அதை மறைக்க அவர் முயலவில்லை. அந்த மதகுப் படிக்காகத்தான் அவர் லீவு நாளைக் கணக்கிட்டு வந்திருக்கிறார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார்.

"ஒண்ணுகூடவா நெசமில்ல?"

"எல்லாம் நெசம். அப்ப நடந்தது." என் கணவர் நிமிர்ந்தார். "நீ? கப்பக் கயித்த அறுத்துதே, அந்த மீனு?"

அவர் தம்ளரைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "எங்க கேம்பு பாலைவனத்துல கீது அண்ணே. கடல, கம்பெனி பஸ்ல போவசொல்ல கண்ணாடி வழியா பாக்கறதுதான். அந்தக் கதை ரூம்ல கூட கீற மலையாளத்துக்காரரு சொன்னது."

"திருட்டுப் பயலே!" என்று என் கணவர் கட்டிலைத் தட்டினார். "அதுக்கு நான் மூணு நாளு யோசிச்சிப் பதில் சொன்னேன்டா!"

"நீ மட்டும் இன்னா? படுத்த எடத்துலயே ஒன்றரை முழம் புடிச்ச!"

பிறகு யார் முதலில் எழுந்தார்கள் என்று எனக்கு நினைவில்லை. பாய் கடைக்குப் போய் இதை எழுதியே தீர வேண்டும் என்று இருவரும் ஒரே மூச்சில் முடிவு செய்தார்கள். தூண்டில்களை அவிழ்த்து வாசலில் சாத்திவிட்டு, என் கணவரை வண்டியில் ஒருபுறமாக உட்கார வைத்து, விழாமல் துண்டால் தம் இடுப்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு அவர் மெல்ல ஓட்டிப்போனார். நான் கதவைப் பூட்டிவிட்டுப் பின்னால் நடந்தேன். இடுப்பு என்னாகுமோ என்ற பயத்தில் நடை ஓட்டமாயிற்று.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர்கள் தொடங்கியிருந்தார்கள். ஆளுக்கொரு விரலால் எழுத்தைத் தேடித் தேடிக் குத்திக்கொண்டிருந்தார்கள். திரையில், 'இன்று காலை நாங்கள் இருவரும் மதகுப் படியில்' என்று இருந்தது. படம் கிடையாது. சிங்கப்பூர்க்காரர் இதைப் பார்த்த நாளில் நீக்கிவிடுவார், எங்கள் பெயருக்கும் பூட்டு விழும் என்று சொன்னேன். இருவரும் திரும்பவில்லை.

"ரெண்டு முழம் போடு."

"ஒண்ணேகால் போதும் அண்ணே. நம்ப மாட்டானுங்க."

"நம்பறதுக்கு எவன்டா கீறான் அங்க? ரெண்டு போடு!"

எனக்கு உட்கார நாற்காலி இல்லை. அவர்கள் பின்னால் நின்றுகொண்டு, ஒற்றெழுத்து விட்டுப்போன இடங்களைத் திருத்தக் கை பரபரக்க, திருத்தாமல் நின்றேன். விளக்கு ஒருமுறை மங்கி எரிந்தது.

"கரண்ட் போவப் போவுது," என்றார் பாய். "முழம் அப்பறம் பேசிக்கலாம், மொதல்ல அனுப்புங்க."