பச்சை வளையம்

தஞ்சாவூரில் வில்வித்தை வகுப்பில் சேர்ந்திருக்கிறேன், நாற்பத்தெட்டு வயதில். அவரவர் மர அம்பில் அடையாளத்துக்கு வளையம் போடச் சொன்னார் பயிற்சியாளர். எனாமல் டப்பாவைத் திறந்தேன். அந்த வாடையில் எனக்கு ஒன்பது வயதாகிவிட்டது.

திருவாரூர்ப் பக்கம் எங்கள் ஊர். விஜயதசமியன்று சாயங்காலம் சாமி குதிரையேறிப் போய் வாழைமரத்தில் அம்பு போடும். அதற்கான ஏழு அம்புகளையும் இழைத்துச் சிவப்பும் வெள்ளையுமாக வளையம் போட்டுக் கொடுப்பது தச்சரான என் அப்பா. அந்த வருஷம், கதவுக்கு அடித்து மிஞ்சிய பச்சையில் ஓர் அம்புக்கு நானும் ஒரு வளையம் போட்டுவிட்டேன்.

அம்பு வாங்க வந்த விழாக்காரர், பச்சை நான் போட்டதென்று தெரிந்ததும் முகம் சுளித்தார். "பொம்பளைப் புள்ள கை பட்டது சாமிக்கு ஆகாதுங்க. சுரண்டிடுங்க."

அப்பா உடனே உப்புத்தாளை எடுத்தார். எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. அவர் அதைத் தேய்த்துக்கொண்டிருக்கும்போதே மற்ற ஆறிலும் பச்சையை இழுத்துவிட்டேன்.

"அடிப்பாவி!" என்றார் விழாக்காரர். அதற்குள் தெருவில் மேளம் கேட்டுவிட்டது. அப்பா என்னை ஒருமுறை பார்த்துவிட்டு உப்புத்தாளைக் கீழே வைத்தார். காயாத அம்புகளை அள்ளிக்கொண்டு ஓடினார் அந்த மனிதர்.

அம்பு போட்ட கையால் அன்று அர்ச்சகர் கொடுத்த விபூதியெல்லாம் பச்சை. சாமி ஒன்றும் சொல்லவில்லை.

"பச்சை வேணாம்க்கா," என்றார் பயிற்சியாளர். "புல்லுல விழுந்தா தெரியாது. சிவப்பு போடுங்க."

"தெரியலன்னா நான் தேடிக்கிறேன், தம்பி," என்று சொல்லிவிட்டு அடுத்த அம்பை எடுத்தேன்.