சாய்தளத்தை ஒட்டி ஓர் இடம்

முதலில் காணாமல் போனது ஒரு செருப்பு. என் மனைவி மஞ்சுளா கல்லூரி நூலக வேலை முடிந்து பேருந்திலிருந்து இறங்கி, மாரண்டஹள்ளிக் கடைத்தெரு வழியாக வீட்டுக்கு நடந்து வந்தாள். வலது காலில் செருப்பு இல்லை. "செருப்பு எங்கம்மா?" என்று கேட்டேன். குனிந்து பார்த்து அவளே திகைத்துப்போனாள். எங்கே கழன்றது என்று தெரியவில்லை. வெறுங்காலோடு நடந்ததும் தெரியவில்லை. "புத்தகத்துக்குள்ளயே தலைய விட்டுக்கிட்டு இருந்தா இப்படித்தான்" என்று கேலி செய்து சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் நாள் அவளால் கட்டிலை விட்டு எழ முடியவில்லை. ஐந்தாம் நாள் சேலத்தில் ஒரு மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் மூச்சுக் கருவியோடு கிடந்தாள். கில்லன் பாரி சிண்ட்ரோம் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் நரம்புகளையே தாக்கும் நோய்) என்றார்கள். இம்யூனோகுளோபுலின் (அந்தத் தாக்குதலை அடக்கும் புரத மருந்து) ஐந்து நாள் ஏற்றினார்கள்.

"உயிருக்கு இனி பயமில்ல. நடக்கத்தான் நாளாகும். எத்தன நாள்னு மட்டும் கேக்காதீங்க" என்றார் மருத்துவர். நான் தினமும் கேட்டேன்.

இதே நோயோடு வீட்டில் ஒருவரை வைத்திருப்பவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். மருந்தைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியாது. நான் செய்த ஒரு தவறைப் பற்றிச் சொல்ல முடியும்.

நான் தக்காளி மண்டியில் ஏலம் கூவுகிறவன். விடிவதற்குள் தொடங்கி எட்டு மணிக்கெல்லாம் முடிந்துவிடும். பிளாஸ்டிக் கிரேட்டில் பத்துக் காய் வெம்பிக் கிடந்தாலும், மேலே சிவந்திருக்கும் ஒன்றை எடுத்துக் காட்டிப் பேசிப் பழகிய வாய் என்னுடையது. போதாக்குறைக்கு எங்கள் வீட்டு வழக்கமும் ஒன்று உண்டு. வியாதியைப் பற்றி வாய்விட்டுச் சொல்லக் கூடாது. சொன்னால் அது நிலைத்துவிடும். யார் வந்து விசாரித்தாலும் "பரவால்லீங்க, தேறி வருது" என்பதுதான் பதில். அவள் மூச்சுக் கருவியில் இருந்தபோதும் நான் அதைத்தான் சொன்னேன்.

ஆறு மாதத்தில் நடந்தாள். கைகளுக்கு வலு வந்தது, விரல் நுனிகளுக்கு வரவில்லை. ஃபுட் டிராப் (பாதத்தை மேலே தூக்க முடியாமல் தொங்கிப்போவது) இரண்டு கால்களிலும் தங்கிவிட்டது. பாதத்தைத் தாங்க பிளாஸ்டிக் பட்டை போட்டார்கள். அரசு மருத்துவமனையில் மருத்துவக் குழு பார்த்து, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் கொடுத்தது. இரண்டு வருடத்துக்குத் தற்காலிகம் என்று போட்டிருந்தது. அந்த 'தற்காலிகம்' எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. ஜெராக்ஸ் கடைக்காரரிடம்கூட அதைக் காட்டினேன்.

பக்கச் சக்கரம் வைத்த ஸ்கூட்டர் வாங்கினோம். கல்லூரி எட்டுக் கிலோமீட்டர்தான். ஆனால் அங்கே எல்லா வண்டியும் வாசல் கேட்டை ஒட்டிய ஷெட்டில்தான் நிற்க வேண்டும். ஷெட்டிலிருந்து நூலகத்துக்கு மைதானம் முழுவதையும் கடக்க வேண்டும். சான்றிதழைக் காட்டி எழுதிக் கொடுத்ததும் நிர்வாகம் ஒரு ஸ்டிக்கர் தந்தது. அதை ஒட்டிய வண்டி உள்ளே போகலாம். நூலகப் படிகளுக்குப் பக்கத்துச் சாய்தளத்தை ஒட்டி ஒரு வண்டி நிற்கும் அளவுக்கு மஞ்சள் கோடு போட்டு இடமும் விட்டார்கள். வண்டியிலிருந்து சாய்தளத்தின் கைப்பிடிக் கம்பிக்கு மூன்றே எட்டு வைத்தால் போதும். அந்த மூன்று எட்டை நம்பித்தான் அவள் வேலை இருந்தது. அவள் வேலையை நம்பித்தான் அவள் இருந்தாள்.

சான்றிதழ் முடிகிற தேதிதான் ஸ்டிக்கருக்கும். இரண்டு வருடம் ஓடிவிட்டது. புதுப்பிக்க மறுபடியும் மருத்துவக் குழுவின் முன்னால் போய் உட்கார்ந்தோம்.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்று மருத்துவர் கேட்டார். அவள் வாய் திறப்பதற்குள் நான் திறந்தேன்.

"நல்லா நடக்குதுங்க சார். வூட்டுக்குள்ள செவுத்தக்கூடத் தொடறதில்லீங்க. மாடிப்படி ஏறுது. மஞ்சு, எழுந்து நடந்து காட்டும்மா."

என் நாக்கில் சனி உட்கார்ந்திருந்தது. இரண்டு வருடம் தினமும் எண்ணெய் தேய்த்து, கையைப் பிடித்து நடக்கவைத்தவனுக்கு, அதை ஒரு டாக்டர் பார்க்க வேண்டும் என்ற ஆசை. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு எழுந்து, முதுகை நிமிர்த்தி, அறையின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரை நடந்தாள். அழகாக நடந்தாள். மருத்துவர் மகிழ்ச்சியோடு தலையாட்டினார். சான்றிதழில் ஊனத்தின் அளவு நாற்பது சதவீதத்துக்குக் கீழே இறங்கியிருந்தது. நாற்பதுக்குக் கீழே போனால் சலுகை எதுவும் கிடையாது.

வீட்டுக்கு வரும் வழியில் அவள் சான்றிதழை என் கையில் கொடுத்துவிட்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மறு பரிசோதனைக்கு எழுதிக் கொடுத்தோம். இரண்டு மாதம் கழித்துத் தேதி கிடைத்தது. அதுவரை ஸ்டிக்கர் இல்லை.

"சமாளிச்சுக்கறேங்க. இது ஒரு தூரமா?" என்றாள். மறுநாளிலிருந்து அரை மணி நேரம் முன்னதாகவே கிளம்பினாள். நூலகத்தில் தூசி தட்ட வேண்டும் என்றாள். நானும் நம்பினேன்.

ஒருநாள் மண்டி சீக்கிரம் முடிந்துவிட்டது. வீட்டுக்கு வந்தால் அவள் மறந்துவிட்டுப் போன சாப்பாட்டு டப்பா மேசையில் இருந்தது. எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். கல்லூரி கேட்டில் வண்டியை நிறுத்தும்போது அவள் ஷெட்டுக்குள் இருந்தாள். நிற்கும் வண்டிகளின் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக்கொண்டு நகர்ந்தாள். வண்டி வரிசை முடிந்தது. அதற்கு மேல் பிடிக்க எதுவும் இல்லை. கொஞ்சம் நின்றாள். பிறகு சேறு கண்டவள் போல் ஒவ்வொரு காலையும் உயரத் தூக்கித் தூக்கி வைத்து மைதானத்தில் இறங்கினாள். பாதி தூரத்தில், செடிகளுக்குக் கட்டியிருந்த சிமெண்ட் வரப்பில் உட்கார்ந்துவிட்டாள்.

காவலாளி என் பக்கத்தில் வந்து நின்றார். "மேடம் தெனமும் பசங்க வர்றதுக்குள்ள நடந்துடணும்னு சீக்கிரமா வந்துடறாங்க சார். போன வாரம் விழுந்துட்டாங்க. வூட்ல சொல்ல வேணாம்னாங்க."

ஓடிப்போய்த் தூக்க வேண்டும் என்று கால் துடித்தது. போகவில்லை. நான் பார்த்தது தெரிந்தால் அவள் தாங்கமாட்டாள் என்று தோன்றியது. அவள் நூலகத்துக்குள் போன பிறகுதான் நான் வந்ததாகச் சொல்லச் சொல்லி, டப்பாவைக் காவலாளியிடம் கொடுத்துவிட்டு, கேட் தூணுக்குப் பின்னால் நின்று அழுதேன். நாற்பத்தொன்பது வயதில் ஒரு கேட் தூணுக்குப் பின்னால்.

அன்று மாலை அவள் வந்தாள். வண்டியை நிறுத்தினாள். நான் வாசலில் இருப்பதைப் பார்த்ததும் முதுகை நிமிர்த்தி, சிரித்துக்கொண்டே, மருத்துவர் முன்னால் நடந்த அதே நடையில் அடுப்படிக்குப் போனாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. இவள் வீட்டில் எனக்காகத்தான் இப்படி நடக்கிறாள்.

மறு பரிசோதனையில் முன்பு பார்த்தவர் இல்லை, ஒரு பெண் மருத்துவர் இருந்தார். தசையின் வலுவைச் சோதித்தார். பட்டையைக் கழற்றி நடக்கச் சொன்னார். பிறகு நாற்காலியை அவள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"காலையில எழுந்ததுல இருந்து எதுக்கெல்லாம் உங்களுக்கு ஆள் வேணும்?"

"எல்லாம் நானே பண்ணிக்குவேங்க மேடம்" என்றாள் மஞ்சுளா.

"இல்லீங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "ஜாக்கெட் கொக்கி மாட்ட வராதுங்க, நான்தான் மாட்டி வுடறேன். தண்ணிச் சொம்பு எடுத்துட்டு நாலடி வர முடியாதுங்க. ஒரு கை செவுத்துல இருக்கணும். குளிக்கப் போனா நான் கதவாண்டயே நிக்கறேன், அதுக்குத் தெரியாது. ராத்திரி பாதம் எரியுதுன்னு போர்வைய ஒதைச்சுத் தள்ளுது, தூங்கற மாதிரி படுத்துக்குது. மாடிப்படி ஏறுதுன்னு போன தடவ சொன்னேன். ஏறுதுங்க. எறங்கறப்ப உக்காந்து உக்காந்துதான் எறங்குது. காலேஜ்ல நடு கிரவுண்டுல உக்காந்துக்குதுங்க. விழுந்துச்சுங்க மேடம். என்கிட்ட சொல்லவே இல்ல."

வாய்விட்டுச் சொன்னால் நிலைத்துவிடும் என்ற பயம் அப்போதும் போகவில்லை. ஆனாலும் ஒன்றுவிடாமல் சொன்னேன். அவள் பக்கம் திரும்பத் துணிவில்லை.

மருத்துவர் எழுதி முடித்தார். "மூணு வருஷம் நெருங்குது. நரம்பு இதுக்கு மேல பெருசா திரும்பாது. நிரந்தரம்னு போட்டுடறேன். இனிமே நீங்க புதுப்பிக்க வர வேண்டியதில்ல."

நல்ல செய்திதான். சாய்தளத்தை ஒட்டிய இடம் இனி அவளுக்கு எப்போதும் உண்டு. ஆனால் இனி குணமாகாது என்பதையும் அதே தாளில்தான் எழுதித் தந்தார்கள். வராந்தாவில் நோயாளிகளுக்குப் போட்டிருந்த பெஞ்சில் இருவரும் உட்கார்ந்தோம். அவள் கோபித்துக்கொள்வாள் என்று காத்திருந்தேன்.

"இத்தன நாளா இதெல்லாம் பாத்துக்கிட்டேதான் இருந்தீங்களா?" என்றாள்.

"பாத்துக்கிட்டுத்தாம்மா இருந்தேன்."

தாளை மடித்துப் பைக்குள் வைத்தாள். "அப்ப இனிமே உங்களுக்கு நடந்து காட்ட வேண்டியதில்ல, இல்லீங்களா?"

"வேணாம்மா" என்றேன். அவள் என் தோளில் சாய்ந்துகொண்டாள். வராந்தாவில் போகிறவர்கள் பார்த்தார்கள். பார்த்துவிட்டுப் போகட்டும் என்று இருந்தோம்.

உங்களையும் அந்த அறையில் யாராவது கேட்பார்கள். முடிந்ததைச் சொல்லி நிறுத்திவிடாதீர்கள். அவர்களால் முடியாததையும் சொல்லுங்கள். அதைக் கேட்டு உங்கள் மனிதர் சுருங்கிப்போவார் என்று பயப்படாதீர்கள்.

புது ஸ்டிக்கர் வந்துவிட்டது. அதில் முடியும் தேதி இல்லை. மஞ்சுளா இப்போது வீட்டுக்குள் சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்று நின்றுதான் நடக்கிறாள். நான் கூப்பிட்டால், அடுப்படியிலிருந்து வாசலுக்கு வர அவளுக்கு ஒரு தம்ளர் காபியை நான் குடித்து முடிக்கும் நேரம் ஆகிறது. அது எவ்வளவு நேரம் என்று தெரியாமலே இத்தனை நாளும் அவளோடு இருந்திருக்கிறேன்.