லென்யாவின் இடது முட்டி

இடது மூலையிலிருந்து ஏழு பந்துகள் தொடர்ந்து விழ வேண்டும். ஆறு விழுந்து, ஏழாவது வளையத்தில் மோதித் திரும்பினால் லென்யா மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவான். ஒவ்வொரு பந்தை விடும்போதும் அவன் உதடு அசையும். எண்ணுகிறான் என்றுதான் முதலில் நினைத்தேன். கிட்டப் போய்க் கேட்டால் எல்லாம் ஊர்ப் பெயர்கள். லூப்ளின், லிமசோல், தௌகவ்பில்ஸ், மணிலா, உலான்பத்தார், பத்தூமி, கரகண்டா. சம்பளத்துக்கு அவன் ஆடிய ஊர்கள், ஆடிய வரிசையில். ஏழாவது எங்கள் ஊர். கரகண்டா தவறினால் லூப்ளினுக்குத் திரும்பிப் போக வேண்டும்.

என் பெயர் குவானிஷ். இந்த ஊர்க் கூடைப்பந்து அணியில் ஆறு வருடமாக ஃபார்வர்ட். அவன் வந்தபிறகு, கடைசி இரண்டு வருடமாக, பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் ஃபார்வர்ட். ஆகவே இதில் பொறாமை இருக்கும். இல்லாததுபோல் எழுத எனக்கு வராது.

அவன் உண்மைப் பெயர் லெண்டன் கிரிக்ஸ்பி. அமெரிக்காவில் டொலீடோ என்ற ஊர்க்காரன். உயரம் இரண்டு மீட்டரும் நாலு விரலும். வயது முப்பத்திரண்டு என்பான், முப்பத்தைந்துக்கு ஒரு நாள் குறையாது. வந்த மூன்றாம் வாரமே ஊர் அவனுக்கு லென்யா என்று செல்லப்பெயர் வைத்துவிட்டது. ஆறு வருடத்தில் எனக்கு ஒரு பெயரும் வைக்காத ஊர்தான்.

எங்கள் பேச்சில் அவன் முதலில் பிடித்துக்கொண்ட சொல் ‘அண்ணே’. பஸ் ஓட்டுகிறவர் அண்ணே, நடுவர் அண்ணே, அவனைவிட ஐந்தாறு வயது இளைய நானும் அண்ணே. விளையாட்டரங்கில் சிற்றுண்டி விற்கும் நீனா அக்காவைக்கூட ஒரு மாதம் அண்ணே என்றுதான் கூப்பிட்டான். அவள் கோபித்துக்கொண்டாளா? “ஐயோ, இந்த நெட்டைக் கொழந்தைக்கு இங்க யாரு சமைச்சுப் போடுறது?” என்று கறிச் சம்சாவில் ஒன்று கூடுதலாக வைத்தாள். இன்றுவரை வைக்கிறாள். நானும் அவளை ஆறு வருடமாக ஒழுங்காக அக்கா என்றுதான் கூப்பிடுகிறேன். என் தட்டில் எண்ணி இரண்டுதான்.

ஆட்டத்தில் அவன் எகிறிக் குதிக்கிறவன் அல்ல. எதிராளிக்கு முதுகைக் காட்டி, அவன்மேல் பாரத்தைச் சாய்த்து, நாற்காலியைப் பின்னால் தள்ளுவதுபோல் தள்ளிக்கொண்டே வளையத்தடிக்குப் போய்விடுவான். பந்து எங்கே விழும் என்று முன்கூட்டியே தெரிந்தவன்போல் அங்கே நிற்பான். சில நாள் அவன் கையிலிருந்தும் பந்து நழுவும். அப்போது எங்கள் கோச் தொக்தார் கை தட்டி, “பரவாயில்ல லென்யா, அடுத்தது நம்மளுது!” என்பார். என் கையிலிருந்து நழுவினால், “குவானிஷ்! கையில என்ன வெண்ணெயா தடவியிருக்க?” மாமியார் உடைத்தால் மண்சட்டி, மருமகள் உடைத்தால் பொன்சட்டி.

கோச் வீட்டு விருந்தில் வேகவைத்த ஆட்டுத்தலை முழுசாகத் தட்டில் வரும். அதைப் பெரிய விருந்தாளியின் முன்னால் வைப்பார்கள். இரண்டு வருடமாக அது லென்யாவின் முன்னால்தான் வருகிறது. விருந்தாளி எத்தனை நாளைக்கு விருந்தாளி என்று கேட்க அந்த வீட்டில் ஆளில்லை. தலை யார் முன்னால் இருக்கிறதோ அவர்தான் காதை அறுத்து, இருப்பதிலேயே சின்னப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். பெரியவர்கள் சொல் கேட்டு வளரட்டும் என்பதற்காக. போன வருடம் கோச்சின் பேத்தி கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தாள். லென்யா காதை அறுத்து, கத்தி முனையில் குத்தி, நேராக என் தட்டில் வைத்தான்.

“தின்னு குவானிஷ், தின்னாத்தான் கோச் சொல்றது உனக்குக் கேக்கும்!” என்று ஜாந்தோஸ் தொடங்கினான். அவன் எங்கள் பாய்ன்ட் கார்ட், பந்தை முன்னால் கொண்டுவந்து பிரித்துக் கொடுப்பவன். “பாஸ் குடுன்னா குடுக்கணும், கேட்டுக்க!” என்றான் இன்னொருவன். கோச் தேநீர் புரைக்கேறும்வரை சிரித்தார். லென்யா என்னைப் பார்த்து, “தப்பா அண்ணே? எதிர்ல நீங்கதான் இருந்தீங்க, குடுத்துட்டேன்” என்றான். தெரியாமல் செய்தானா, தெரிந்தே செய்தானா என்று அந்த முகத்தில் எழுதியிருக்கவில்லை. அந்த சீசன் முழுக்க எனக்குப் பெயர் ‘காது’. ஊர் ஒருவழியாக எனக்கும் ஒரு பெயர் வைத்துவிட்டது.

இனி அவன் ரகசியம். எங்கள் கோச் ஸ்கோர் போர்டைத் தவிர வேறெதையும் படிக்கிறவர் அல்ல என்ற தைரியத்தில் எழுதுகிறேன். மார்ச் மாதம் ஒருநாள் துண்டை மறந்துவிட்டு, அரங்கின் பின்படிக்கட்டு வழியாகத் திரும்பிப் போனேன். லென்யா இறங்கிக்கொண்டிருந்தான். பின்பக்கமாக. ஏணியில் இறங்குகிறவன்போல், இரண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு, இடது காலை மடக்காமல். என்னைக் கண்டதும், “இப்படி எறங்கினா தொடைக்கு நல்லது அண்ணே. பிரச்சினையே இல்ல” என்றான். மூக்கு நுனியில் வேர்வை நின்றது.

அடுத்த வருட ஒப்பந்தத்தைக் கோச் இன்னும் முடிவு செய்யாத நேரம் அது. என் ஒரு சொல் போதும், அவன் இடம் எனக்கு. ஒண்ட வந்த பிடாரி ஊர்ப் பிடாரியை விரட்டிய கதைக்கு அதோடு முடிவு. மூன்று வாரம் அந்தச் சொல்லை நாக்கு நுனியில் வைத்திருந்தேன். சொல்லாததற்குக் காரணம் நல்ல மனசு அல்ல. கோள் சொல்லி இடம் பிடித்தான் என்று பேச்சு வரும். அவனாகவே விழட்டும், எல்லோரும் பார்க்க விழட்டும் என்று காத்திருந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் மகன் அர்லான் நடக்கத் தொடங்கினான். நடக்கத் தொடங்கிய பிள்ளையின் கணுக்கால்களைக் கறுப்பும் வெள்ளையும் முறுக்கிய கயிற்றால் கட்டி, ஒருவரை அழைத்து வெட்டச் சொல்வது எங்கள் வழக்கம். வெட்டுகிறவரின் நடைதான் பிள்ளைக்கு வரும்.

“லென்யாவ வெட்டச் சொல்லலாம்” என்றாள் என் மனைவி அக்போட்டா.

“ஊர்ல வேற ஆளே இல்லையா? பன்னெண்டு வருஷத்துல ஏழு நாடு. அந்தக் கால் வந்தா நம்ம புள்ள வீடு தங்குவானா?”

“நீதான் தங்கியிருக்கியே! பெஞ்சுலேருந்து தண்ணி பாட்டிலுக்கு, தண்ணி பாட்டில்லேருந்து பெஞ்சுக்கு. அந்த நடை போதுமா அவனுக்கு?”

முட்டி விஷயத்தை அப்போதே சொல்லியிருக்கலாம். அக்போட்டாவுக்குத் தெரிந்தால் மறுநாள் கோச்சின் மனைவிக்குத் தெரியும். பழி எனக்குத்தான் வரும். வாயை மூடிக்கொண்டேன்.

மாலைப் பயிற்சிக்கு முன்னால் லென்யா டொலீடோவில் இருக்கும் மகளோடு போனில் பேசுவான். அங்கே அவள் பள்ளிக்குக் கிளம்புகிற காலை நேரம். ஒருநாள் அவன் பேசி முடித்ததும், என்னோடு அரங்குக்கு வந்திருந்த அக்போட்டா போய்க் கேட்டாள்.

“எம் பொண்ணு நடந்தத நான் லிமசோல்ல இருந்து போன்லதான் பாத்தேன் தங்கச்சி. அவளுக்குக் கயிறெல்லாம் யாரும் வெட்டல” என்றான். பிறகு, “வரேன். பிரச்சினையே இல்ல.”

எனக்கு அவன்மேல் இரக்கம் வந்தது. இரக்கப்பட வைத்துவிட்டானே என்று அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை நண்பகல். அணி முழுக்க வந்திருந்தது. எங்கள் வீட்டுக் கூடத்தில் நீளமாக வெள்ளைத் துணி விரித்திருந்தோம். வெட்டியவர் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு அந்தத் துணி நெடுக ஓடவேண்டும். மறு கோடியில் கோச் நின்றுகொண்டிருந்தார். லென்யா கத்தியோடு வலது முட்டியை ஊன்றி இறங்கினான். இடது கால் பக்கவாட்டில் கட்டைபோல் நீண்டது. ஒரே வெட்டு. கயிறு அறுந்தது. எல்லோரும் கூவினார்கள், பிள்ளைகளுக்கு இறைத்த மிட்டாய்கள் பறந்தன. அர்லான் ஒரு கையை நீட்டிக்கொண்டு நின்றான்.

லென்யா எழவில்லை.

உள்ளங்கையைத் தரையில் ஊன்றினான். முடியவில்லை. சிரித்துக்கொண்டே இன்னொருமுறை ஊன்றினான். சிரிப்பு அப்படியே இருந்தது, கழுத்து நரம்பு மட்டும் புடைத்தது. மிட்டாய் பொறுக்கும் ஆரவாரத்தில் யாரும் கவனிக்கவில்லை. கோச் மட்டும் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் பார்க்கத் தொடங்கினார். இதற்காகத்தான் நான் மூன்று வாரம் காத்திருந்தேன். ஒன்றும் செய்ய வேண்டாம், நின்ற இடத்தில் நின்றால் போதும்.

“அண்ணே” என்றான் லென்யா, எனக்கு மட்டும் கேட்கிறமாதிரி.

அவனுக்காக நகர்ந்தேன் என்று சொன்னால் பொய். வெட்டியவரின் நடைதான் பிள்ளைக்கு வரும். அவன் இப்படித் தரையில் கிடந்தால் அது என் பிள்ளையின் தலையில் அல்லவா விடியும்! இரண்டே எட்டில் போய்க் கோச்சுக்கும் அவனுக்கும் நடுவே முதுகைக் காட்டி அகலமாக நின்றேன். நம் ஆளுக்கு வழி கிடைக்க, எதிராளியை மறித்து நிற்பதை ஸ்கிரீன் என்போம். ஆறு வருடத்தில் நான் போட்ட நல்ல ஸ்கிரீன் அதுதான். கட்டிப்பிடிக்கிறவன்போல் அவன் அக்குளில் கையைக் கொடுத்துத் தூக்கினேன். நூற்றாறு கிலோ. நிமிர்ந்ததும் அர்லானின் கையைப் பிடித்து, வலது காலிலேயே தத்தித் தத்தி அந்தத் துணியைக் கடந்துவிட்டான். பிள்ளைக்காக வேடிக்கை காட்டுகிறான் என்று எல்லோரும் கை தட்டினார்கள். கோச்சும்.

சாப்பாட்டு நேரத்தில் கோச் எழுந்து, “இந்தப் புள்ள ஓடுறதப் பாக்க லென்யா இங்க இருக்க வேணாமா? அடுத்த வருஷமும் நம்மகூடத்தான்!” என்றார். கூடம் அதிர்ந்தது. நானும் கை தட்டினேன். இன்னொரு வருடம் பெஞ்சு. ரொட்டியைப் பிய்த்து வாயில் திணித்துக்கொண்டேன்.

ஆட்டுத்தலை வந்தது, வழக்கம்போல் லென்யாவின் முன்னால். காதை அறுத்தான். காது யாருக்கு என்று யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதை இரண்டாக நறுக்கி, ஒரு பாதியை அக்போட்டாவின் மடியிலிருந்த அர்லானின் வாயில் ஊட்டினான். மறு பாதியை மேசைக்கு மேலே எட்டி என் தட்டில் வைத்தான்.

“மறுபடியும் காது!” என்று ஜாந்தோஸ் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். லென்யா சிரிக்கவில்லை. என்னைப் பார்த்தபடி, கொழுப்பு ஒட்டிய ஆள்காட்டி விரலைத் தன் உதட்டின்மேல் ஒருமுறை வைத்து எடுத்தான்.