மதில் மேல் நின்ற காவலாளி

இன்று தோழியோடு மதியக் காட்சிக்குப் போயிருந்தேன். ராஜா காலத்தைக் கிண்டலடிக்கும் அந்தப் புதுப் படம்தான். வரும் வழியில் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

படம் பாதி இழுவை. போருக்குப் பயந்த ராஜா குதிரைக்கடியில் ஒளியும் இடத்தில் மட்டும் வயிறு வலிக்கச் சிரித்தேன். இடைவேளைக்குப் பிறகு பொறுமை போய், தோழியிடம் "கிளம்பலாமா?" என்றேன்.

பக்கத்து இருக்கையில் தனியாக வந்திருந்த அக்கா மெல்லச் சொன்னார்: "கொஞ்சம் இருங்க அம்மணி. இந்தக் கோட்டைக் கட்டத்துலதான் எங்கூட்டுக்காரர் வருவாருங்க."

மதில் மேல் ஈட்டியோடு ஒரு காவலாளி. ராஜா தும்மியதும் கீழே விழுந்து செத்தார். எழுந்து தலைப்பாகையைச் சரிசெய்துகொண்டு மறுபடியும் செத்தார். சிரிப்பில் தியேட்டரே அதிர்ந்தது.

"பிரமாதங்க்கா! அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?"

"வேலை பார்த்த மில்லை மூடுனப்புறம் மெட்ராஸ் போய் நடிச்சாருங்க. படம் வாரதுக்குள்ள காமாலையில போயிட்டாரு. ரெண்டு மாசமாச்சுங்க."

நான் சிரித்ததற்கு மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"கண்ணுல தண்ணி முட்டி, காதும் அடைச்சுப்போச்சுங்க. நெசமாலுமே எல்லாரும் சிரிச்சாங்களா?"

"ஒருத்தர் விடாம சிரிச்சாங்க்கா."

"சிரிக்க வெச்சுப்போடுவேன்னு சொல்லீட்டே இருந்தாருங்க," என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

படம் எப்படி என்று என்னிடம் கேட்காதீர்கள், அந்தத் தகுதி போய்விட்டது. வேறு ஊரில் பார்த்தவர்கள் மட்டும் சொல்லுங்கள்: அவர் விழுந்தபோது அங்கேயும் சிரித்தார்களா?